பதினோரு மணிக்கு 51, மூணு மணிக்கு 288: அப்பாவோட சுகர் ஏன் இப்படி ஏறி இறங்குது?

சத்துவாச்சாரி மகள் · மே 9, இரவு 10:15

எல்லாருக்கும் வணக்கம். பத்து நாளா சரியா தூங்கல. இதை அனுபவிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

அப்பாவுக்கு 67 வயசு. குடியாத்தம் பக்கத்துல கிராமம். நாப்பது வருஷம் லுங்கித் தறி ஓட்டினவர். சுகர் வந்து 14 வருஷம் ஆகுது. மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்ல. இத்தனை வருஷத்துல பெரிசா ஒரு தொந்தரவும் வந்ததில்ல. மாசி மாசம் காய்ச்சல், நீர்க்கடுப்புன்னு நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்தார். உடம்பு தேறிடுச்சுன்னுதான் நெனச்சோம். சித்திரை பொறந்ததுலேர்ந்து சுகர் ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது.

போன செவ்வாய்க்கிழமை காலையில பதினோரு மணி இருக்கும். திண்ணையில உக்காந்திருந்தவருக்கு சட்டை முழுக்க நனைஞ்சு முதுகுல ஒட்டிக்கிச்சு. கத்திரி வெயில்தானேன்னு அம்மா மோர் கரைச்சுக் குடுத்திருக்காங்க. டம்ளரைப் புடிக்க முடியாம கை நடுங்கியிருக்கு. அம்மாவைப் பார்த்து, செத்துப்போன எங்க அத்தை பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கார். அம்மா போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுப் பையன் அவங்க தாத்தாவோட மெஷினை எடுத்துட்டு ஓடி வந்து குத்திப் பார்த்தா 51. சர்க்கரையை அள்ளி வாயில போட்டாங்க. அப்பவும் அரை மணி நேரம் கழிச்சுத்தான் தெளிஞ்சார். பயத்துல டீ, பிஸ்கட், அப்புறம் சீக்கிரமே சோறும் போட்டுட்டாங்க. மூணு மணிக்குப் பார்த்தா 288.

அன்னைக்கே நான் ஒரு மெஷின் வாங்கிக் குடுத்து எழுதி வைக்கச் சொன்னேன். புதன் வெறும் வயித்துல 186, பதினோரு மணிக்கு 62, ராத்திரி 241. வியாழன் வெறும் வயித்துல 94, மதியம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 302. வெள்ளி வெறும் வயித்துல 203, பதினொன்றரைக்கு 66. ஒரே ஆளு, ஒரே மாத்திரை, ஒரே வீட்டுச் சாப்பாடு. ஒண்ணும் புரியல. ஆனா ரெண்டு வாரம் முன்னாடி எடுத்த மூணு மாச சுகர் சராசரி (HbA1c) 7.4, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாங்க.

பாலாற்றங்கரை · மே 9, இரவு 11:02

அம்மா, உங்கள் அப்பா அத்தை பெயரைச் சொன்ன இடத்தைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எனக்கு 19 வருடமாக இரண்டாம் வகைச் சர்க்கரை. 2011-ல் வாலாஜா ரோடு ஸ்டேஷன் கவுன்ட்டரில் கையில் பணத்தோடு நின்றுகொண்டு, எந்த ஊருக்கு டிக்கெட் என்று சொல்லத் தெரியாமல் விழித்திருக்கிறேன். பின்னால் நின்றவர்கள் குடித்திருக்கிறான் என்று நினைத்தார்கள். அன்று எனக்கு 49.

7.4 என்ற எண்ணை வைத்து நிம்மதி அடையாதீர்கள். அது ஏறக்குறைய 166 என்கிற சராசரி. 51-ம் 288-ம் கலந்தாலும் சராசரி அழகாகத்தான் வரும். ஒரு கால் கொதிக்கிற தண்ணீரிலும் ஒரு கால் ஐஸிலும் நிற்பவனுக்குச் சராசரியாக வெதுவெதுப்பு என்று சொல்வதுபோல.

எனக்குச் சில விவரங்கள் வேண்டும். மாத்திரை எத்தனை மணிக்குப் போடுகிறார்? அதற்குப் பிறகு எத்தனை மணிக்கு வயிற்றுக்கு ஏதாவது போகிறது? அம்மா சொல்கிற நேரம் வேண்டாம், கடிகாரம் பார்த்து இரண்டு நாள் எழுதுங்கள். மாத்திரைகளின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம்? எண் அதிகமாக வந்த அன்று வீட்டில் என்ன செய்தீர்கள்? கஷாயம், பொடி ஏதாவது உண்டா? இது மாம்பழ சீசன். குத்துவதற்கு முன் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாரா? பழம் நறுக்கிய விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையையும் மெஷின் சேர்த்துச் சொல்லும்.

களத்துமேடு · மே 10, காலை 6:20

நான் மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. இதெல்லாம் மாத்திரையால வர்றது. எங்கப்பா எண்பது வயசு வரைக்கும் கேவுரு (கேழ்வரகு) களியும் கூழும் குடிச்சு ஏர் ஓட்டினார். மாத்திரையை நிறுத்திட்டு ரெண்டு வேளை கேவுரு கூழ், ராத்திரி சிறுகுறிஞ்சான் பொடி குடுத்துப் பாருங்க. எனக்கும் நாலு வருஷமா சுகர் இருக்கு, சொந்த அனுபவத்துலதான் சொல்றேன்.

வெள்ளைச்சேலை · மே 10, காலை 7:45

நான் 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ஓய்வு பெற்றவள். களத்துமேடு அண்ணா, உங்க அக்கறை புரியுது. ஆனா 14 வருஷம் மாத்திரையில இருக்கிறவருக்கு திடீர்னு எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லாதீங்க. நிறுத்தின ரெண்டு மூணு வாரத்துல 500, 600-ன்னு ஏறி, நாக்கு வறண்டு, சுயநினைவு இல்லாம ஸ்ட்ரெச்சர்ல வந்தவங்களைத் தூக்கினவ நான். சிறுகுறிஞ்சானும் சர்க்கரையைக் குறைக்கிறதுதான். மாத்திரையோட சேர்ந்தா அது ஒரு பக்கம் இறக்கும், மாத்திரை ஒரு பக்கம் இறக்கும். பேர் ஒட்டாத டப்பாவுல வர்ற பொடின்னா அதுல என்ன கலந்திருக்குன்னே தெரியாது. சில பொடியில சுகர் மாத்திரையையே இடிச்சுக் கலந்து விக்கிறாங்க.

தங்கச்சி, பெரியவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் போடுங்க. அதுவரைக்கும் அப்பாவைத் தனியா விடாதீங்க.

சத்துவாச்சாரி மகள் · மே 11, இரவு 9:30

நேத்து சாயங்காலமே ஊருக்கு வந்துட்டேன். பக்கத்துல உக்காந்து பார்த்து எழுதறேன் ஐயா.

அப்பா அஞ்சரைக்கு எழுந்ததும் ஒரு தைராய்டு மாத்திரை போடணும். "வெறும் வயித்துல போடணும்"னு டாக்டர் சொன்னது அதுக்கு மட்டும்தான். அப்பா எல்லா மாத்திரையையும் ஒரே வாயில போட்டுத் தண்ணி குடிச்சுடறார். அப்புறம் பால் சொசைட்டிக்கு நடந்து போயிட்டு, ரெண்டு பேர் கிட்ட பேசிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, இலை போட உக்காரும்போது ஒன்பதே முக்கால். நாலு மணி நேரம்! நடுவுல சர்க்கரை இல்லாத ஒரு டீ மட்டும்.

எண் அதிகமா வந்தா என்ன செஞ்சோம்னு கேட்டீங்க. எழுதவே கஷ்டமா இருக்கு. 288 வந்த அன்னைக்கு அம்மா ராத்திரிக்கு ரெண்டு இட்லியோட நிறுத்திட்டாங்க. புதன் ராத்திரி 241 வந்ததும் நான்தான் போன்ல "அரை மாத்திரை சேர்த்துப் போடுங்க"ன்னு சொன்னேன். மறுநாள் காலை 94 வந்துச்சு, சந்தோஷப்பட்டோம்.

பொடி இல்ல. கை கழுவறதில்ல, அது உண்மை. துண்டுல துடைச்சுட்டுக் குத்தறார்.

மாத்திரை பேர்தான் பிரச்சனை. அட்டையைப் பாதியா வெட்டிக் குடுத்திருக்காங்க. பேர் இருக்கிற பக்கம் போயிடுச்சு. ஒண்ணுல "...மெட்" மட்டும் தெரியுது.

வாலாஜா மருந்துக்கடை · மே 11, இரவு 10:10

தங்கச்சி, நான் மருந்தாளுநர். 22 வருஷமா இந்தத் தொழில். இப்ப வாலாஜாவுல கடை. அதுக்கு முன்னாடி வேலூர்ல ஐடா ஸ்கடர் ரோட்டுல ஒரு கடையில வேலை பார்த்தேன். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளம், ஜார்க்கண்ட்னு எங்கெங்கிருந்தோ வர்றவங்க ஒரு மஞ்சப்பை நெறைய மாத்திரையைக் கொண்டாந்து மேசையில கொட்டுவாங்க. அப்ப கத்துக்கிட்ட பாடம் ஒண்ணு: அட்டையில இருக்கிற பெரிய எழுத்தைப் பார்க்காதே, அதுக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கிற மருந்துப் பேரைப் படி. நம்ம நாட்டுல ஒரே மருந்து எத்தனையோ கம்பெனிப் பேர்ல வருது. நிறம் வேற, அட்டை வேற, உள்ள இருக்கிறது ஒண்ணு.

நாளைக்குக் காலையில ஒரு தாம்பாளத்தை எடுத்துக்கோங்க. வீட்டுல இருக்கிற ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் அதுல வைங்க. அலமாரி, சட்டைப்பை, சாமி மாடம், ஃபிரிட்ஜ் மேல, ஒண்ணு விடாம. பழசு புதுசு எல்லாம். ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டும் வேணும். அட்டையோட பின்பக்கத்தை வெளிச்சத்துல பிடிச்சு போட்டோ எடுத்துப் போடுங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, பார்த்துட்டுச் சொல்றேன். மாத்திரை போடற முன்னாடி பார்க்கணும், மறந்துடாதீங்க.

சத்துவாச்சாரி மகள் · மே 12, காலை 6:05

அண்ணா, மாத்திரை போட விடாம நிறுத்தி வெச்சிருக்கேன்.

அம்மா முறுக்கு டின்னைத் தூக்கிட்டு வந்தாங்க. உள்ள பதினொரு அட்டை. தாம்பாளத்துல பரப்பி டார்ச் அடிச்சு, போன் கேமராவைப் பெரிசாக்கிப் படிச்சேன். நீலமும் வெள்ளையுமா ரெண்டு நிறம் இருக்கிற நீட்டு மாத்திரை, அது பழைய டாக்டர் பல வருஷமா குடுக்கிறது. கிளிமிப்ரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500. காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மஞ்சள் மாத்திரை, மாசியில ஆஸ்பத்திரியிலேர்ந்து வரும்போது குடுத்தது. அதோட பின்பக்கத்துல கிளிமிப்ரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500, வோக்ளிபோஸ் 0.2. அதுவும் காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.

ரெண்டையும் போட்டுட்டு இருக்கார். ரெண்டரை மாசமா. "ஒண்ணு சுகருக்கு, இன்னொண்ணு காய்ச்சல் வந்ததுக்கு அப்புறம் குடுத்த சுகர் டானிக் மாத்திரை"ன்னு அம்மா நெனச்சிருக்காங்க.

டிஸ்சார்ஜ் சீட்டை இப்பத்தான் முழுசா படிச்சேன். மூணாவது பக்கத்துல, பழைய மாத்திரையை நிறுத்தவும்னு ஒரே ஒரு வரி, இங்கிலீஷ்ல. அம்மா எட்டாவது வரைக்கும் தமிழ்ல படிச்சவங்க. வாய் வார்த்தையா யாரும் அவங்ககிட்ட சொல்லல. அன்னைக்கு நான் பில் கட்டற வரிசையில நின்னுட்டு இருந்தேன்.

வாலாஜா மருந்துக்கடை · மே 12, காலை 6:22

இதேதான் நான் பயந்தது. நாள் ஒண்ணுக்கு கிளிமிப்ரைடு 8 மி.கி. போயிருக்கு. அது அந்த மருந்தோட உச்ச அளவு. நீங்க சொன்ன அரை மாத்திரை வேற. இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, இந்தத் தாம்பாளத்தை அப்படியே பையில கொட்டி எடுத்துட்டுப் போங்க. போறதுக்கு முன்னாடி அவருக்கு போன் பண்ணி, காலைக்கு எதைப் போடணும்னு கேளுங்க. நான் இங்கிருந்து சொல்லக் கூடாது.

இன்னொண்ணு. சர்க்கரை போட்டும் அரை மணி நேரம் தெளியலன்னு எழுதியிருந்தீங்க இல்ல? அதுக்குக் காரணம் வோக்ளிபோஸா இருக்கலாம். நாம சாப்பிடற சர்க்கரை குடல்ல உடைஞ்சாத்தான் ரத்தத்துல சேரும். அந்த உடைக்கிற வேலையை வோக்ளிபோஸ் தாமதப்படுத்தும். அதனால அந்த மருந்து போடறவங்க வீட்டுல குளுக்கோஸ் பவுடர் கட்டாயம் இருக்கணும். குளுக்கோஸ் உடையத் தேவையில்ல, நேரா ஏறும். சர்க்கரை, வெல்லம், மிட்டாய் எல்லாம் இவங்களுக்கு மெதுவாத்தான் வேலை செய்யும். கடையில இந்த மாத்திரை வாங்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் இதைச் சொல்லித்தான் அனுப்பறேன்.

வெள்ளைச்சேலை · மே 12, காலை 6:40

சுகர் இறங்கினா மூணு டீஸ்பூன் குளுக்கோஸ், அரை டம்ளர் தண்ணி. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி குத்திப் பாருங்க. 70-க்கு மேல வரலன்னா இன்னொரு தடவை. வந்ததும் ரெண்டு இட்லியோ ஒரு டம்ளர் பாலோ குடுங்க. அதோட நிறுத்திக்கோங்க. பயத்துல டீ, பிஸ்கட், சோறுன்னு அடுக்குறதுதான் மூணு மணிக்கு 288 ஆகுது.

மயக்கத்துல இருக்கிறவர் வாயில எதையும் ஊத்தாதீங்க, புரை ஏறி நுரையீரலுக்குப் போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108-க்குக் கூப்பிடுங்க. அப்புறம் கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மருந்தால வர்ற லோ சுகர் ஒரு தடவை சரியானாலும் சில மணி நேரத்துல திரும்ப இறங்கலாம். மருந்து உடம்புல இன்னும் இருக்குமே. அன்னைக்கு ராத்திரி பக்கத்துல ஒருத்தர் படுக்கணும், நடுவுல ஒரு தடவை எழுப்பிப் பார்க்கணும். 54-க்குக் கீழ போனா தெளிஞ்சாலும் ஆஸ்பத்திரியில காட்டிடுங்க.

டாக்டர்கிட்ட கிரியாட்டினின் பார்க்கச் சொல்லிக் கேளுங்க, ரத்தத்துல அது ஏறினா சிறுநீரகம் மந்தமாகுதுன்னு அர்த்தம். பல வருஷமா ஒரே மாத்திரையில இருந்தவருக்கு திடீர்னு லோ வந்தா சிறுநீரகத்தை ஒரு தடவை பார்த்துடணும். அது மெதுவா வேலை செஞ்சா மருந்து வெளிய போகாம தங்கும். பிரஷருக்கு ஏதாவது மாத்திரை போடறாரா? சில பிரஷர் மாத்திரை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைச்சுடும். வேர்வை மட்டும்தான் காட்டிக்குடுக்கும்.

பாலாற்றங்கரை · மே 12, காலை 8:15

அம்மா, போன் வழியாக அரை மாத்திரை சொன்னதற்காக மனதை வருத்திக்கொள்ளாதீர்கள். சர்க்கரை உள்ள வீடுகளில் பாதி வீட்டில் அது நடக்கிறது. என் வீட்டிலும் நடந்தது.

உங்கள் எண்களை ஒரு தாளில் நேரப்படி எழுதிப் பார்த்தேன். ஐந்தரைக்கு கிளிமிப்ரைடு 4 மி.கி. உள்ளே போகிறது. அது கணையத்தைத் தட்டி இன்சுலினை வரவைக்கிற மருந்து. வயிற்றில் சோறு இருக்கிறதா என்று அது பார்க்காது. நடை வேறு. ஒன்பதே முக்காலுக்குச் சாப்பிட்டாலும் அந்தச் சாப்பாடு ரத்தத்தில் சேர நேரம் ஆகிறது. பதினோரு மணிக்குக் கவிழ்கிறது. கவிழ்ந்ததும் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கல்லீரலில் இருக்கிற சர்க்கரையைக் கொட்டுகிறது, வீட்டார் மேலும் கொட்டுகிறார்கள். மூன்று மணிக்கு 288. அதைப் பார்த்து இரவுச் சாப்பாட்டைக் குறைக்கிறீர்கள், மாத்திரையைக் கூட்டுகிறீர்கள். மறுநாள் 94. அது நல்ல எண் இல்லை அம்மா. விடியற்காலை மூன்று மணிக்கு அது எங்கே இருந்ததோ!

வெறும் வயிற்றில் 186, 203 வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கும். விடியற்காலையில் உடம்பு எழுந்திருக்கத் தயாராகும்போது சில ஹார்மோன்கள் சுரந்து, கல்லீரல் கொஞ்சம் சர்க்கரையை இறக்கிவிடும். ராத்திரி ஒன்றும் சாப்பிடாமல் படுத்தாலும் காலையில் ஏறியிருப்பது இதனால்தான். அதைப் பார்த்து ராத்திரிப் பட்டினி போடக் கூடாது.

நான் 49-ல் நின்ற நாளிலிருந்து நோட்டு வைத்திருக்கிறேன். நாற்பது பக்க நோட்டு, இடது பக்கம் மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும், வலது பக்கம் எண். வெறும் எண்ணை எழுதினால் அது ஜோசியம் மாதிரி மிரட்டும். பக்கத்தில் நேரத்தையும் எழுதினால் காரணம் தானாகத் தெரியும். இத்தனை வருடத்தில் என் சர்க்கரை காரணமில்லாமல் ஏறிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு பல்வலி, ஒரு சளிக் காய்ச்சல், மகள் கல்யாண வாரம், எல்லாம் நோட்டில் இருக்கின்றன.

ஆரணிக்காரி · மே 12, மதியம் 2:30

பெரியவர் சொன்னது நூத்துக்கு நூறு. எனக்கு எதுவும் மாறாமலே ஒரு வாரம் 300-க்கு மேல நின்னுச்சு. நோட்டைப் புரட்டினப்பத்தான் தெரிஞ்சது, அதுக்கு முந்தின நாள் முழங்கால் வலிக்கு மூட்டுல ஊசி போட்டுக்கிட்டேன். அது ஸ்டீராய்டு. பத்து நாள்ல தானா இறங்கிடுச்சு. ஆஸ்துமா, தோல் அலர்ஜிக்குக் குடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படித்தான். ஊசி போடறதுக்கு முன்னாடி எனக்கு சுகர் இருக்குன்னு வாயைத் தொறந்து சொல்லணும். நான் சொல்லல.

போளூர் ரோடு · மே 12, மாலை 5:10

நடுவுல கேக்கறேன், மன்னிக்கணும். எங்கம்மா கலங்கலா இருக்கிற 30/70 இன்சுலின் போடறாங்க. ஒரே அளவுதான், ஆனா ஒரு நாள் 120, ஒரு நாள் 340. இதுக்கும் மாத்திரை மாதிரி ஏதாவது குழப்பம் இருக்குமா?

வெள்ளைச்சேலை · மே 12, மாலை 6:00

இருக்கும். முதல்ல பாட்டிலைப் பாருங்க. நம்ம ஊர்ல 40 யூனிட் பாட்டிலும் வருது, 100 யூனிட்டும் வருது. 40-க்கு சிவப்பு மூடி ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி ஊசி. மாத்திப் போட்டா ரெண்டரை மடங்கு கூடும், இல்ல ரெண்டரை மடங்கு குறையும். ரெண்டாவது, அம்மாவோட வயித்தைத் தடவிப் பாருங்க. ஒரே இடத்துல குத்திக் குத்தி சின்னக் கொழுப்புக் கட்டி மாதிரி தடிச்சிருக்கும். அங்க வலிக்காதுன்னு அங்கேயே குத்துவாங்க. அதுல போட்ட மருந்து ஒரு நாள் சேரும், ஒரு நாள் சேராது. இடம் மாத்தும்போது சுகர் இறங்கலாம், அதனால டாக்டர்கிட்ட சொல்லிட்டு மாத்துங்க. கலங்கல் மருந்தைக் குலுக்காம உள்ளங்கையில வெச்சு இருபது தடவை உருட்டணும்.

வாலாஜா மருந்துக்கடை · மே 12, மாலை 6:35

அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. இந்த மாசம் நம்ம ஊர் வெயில் 40 டிகிரிக்கு மேல போகுது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுல இன்சுலினை சன்ஷேடு மேல, டிவி பக்கத்துல வெச்சிருப்பாங்க, வீணாப்போயிடும். ஒரு மண்பானையில பாதி தண்ணி ஊத்தி, மூடி போட்ட டப்பாவுல மருந்தை வெச்சு உள்ள வைங்க. சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் டப்பாவையும் அடுப்பு மேடையில வைக்காதீங்க, எடுத்ததும் மூடிடுங்க. சூடும் ஈரமும் பட்ட ஸ்ட்ரிப் பொய் சொல்லும். நல்ல மெஷினே லேப் ரிசல்டுக்கு 15 சதவீதம் இப்படியோ அப்படியோ காட்டலாம். 150-க்கும் 165-க்கும் சண்டை போடாதீங்க.

களத்துமேடு · மே 14, இரவு 8:50

நாலு நாளா இந்த இழையைப் படிச்சுட்டு இருக்கேன். தங்கச்சிகிட்ட முதல்ல மன்னிப்புக் கேட்டுக்கறேன். அப்பாவுக்கு மாத்திரை ரெண்டா போயிட்டு இருந்தது தெரியாம நிறுத்துங்கன்னு சொல்லிட்டேன். அந்தப் பொடியையும் சேர்த்துக் குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா நெஞ்சு அடைக்குது.

பெரியவர் சொன்ன மாதிரி நோட்டுப் போட்டு என் சுகரையே பார்த்தேன். முதல் நாள் காலையில ரெண்டு சொம்பு கேவுரு கூழ், வெங்காயம் கடிச்சுக்கிட்டு. ரெண்டு மணி நேரம் கழிச்சு 231. மறுநாள் ஒரு உருண்டை களி, நெறைய கீரைக் குழம்பு, ஒரு முட்டை. 172. அடுத்த நாள் திரும்பக் கூழ், ஒரே சொம்பு, 198. நாலு வருஷமா கூழ் குடிச்சா சுகர் ஏறாதுன்னு நம்பினவன் நான். ஏறுது. கரைச்சுக் குடிக்கிறதால வேகமா ஏறுதுபோல. கேவுருவை விடமாட்டேன், ஆனா இனிமே அளவாத்தான், காய் கீரையோடதான்.

வெள்ளைச்சேலை · மே 14, இரவு 9:20

அண்ணா, நல்லா இருக்கணும் நீங்க. மாவா அரைச்சதைத் தண்ணியில கரைச்சா எந்தத் தானியமும் சீக்கிரம் சேரும். களியா கட்டி, கீரை, பருப்பு, முட்டையோட சாப்பிட்டா மெதுவாப் போகும். நீங்க கண்டுபிடிச்சது சரி.

சத்துவாச்சாரி மகள் · மே 17, இரவு 9:05

ரெண்டு டாக்டர் சந்திப்பு முடிஞ்சு இப்பத்தான் நிதானமா எழுதறேன்.

12-ம் தேதியே போனோம். டாக்டர் தாம்பாள மாத்திரையெல்லாம் மேசையில பரப்பி, நிறுத்த வேண்டியதையெல்லாம் ஒரு கவர்ல போட்டு ஒட்டி எங்க கையிலயே குடுத்தார். கிரியாட்டினின் 1.6 வந்திருக்கு. போன வருஷ ரிப்போர்ட்ல 1.1. காய்ச்சலோட ஒரு பங்கு இருக்கலாம், மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம்னு சொன்னார். கிளிமிப்ரைடு ரெண்டையும் நிறுத்திட்டார். வோக்ளிபோஸும் இல்ல. மெட்ஃபார்மின் 500 சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு வேளை, லினாக்ளிப்டின் 5 மி.கி. ஒரு வேளை. இந்த லினாக்ளிப்டினுக்கு சிறுநீரகத்தைப் பார்த்து அளவு மாத்த வேண்டியதில்லையாம்.

அஞ்சு நாள் கணக்கு: வெறும் வயித்துல 171, 164, 178, 159, 162. பதினோரு மணிக்கு 142, 150, 138, 155, 147. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 210-லேர்ந்து 230 வரைக்கும். 100-க்குக் கீழ ஒண்ணு கூட இல்ல. கொஞ்சம் அதிகம்தான், அவசரப்பட்டு இறக்க வேண்டாம், இந்த வயசுல லோ வர்றதுதான் ஆபத்துன்னு டாக்டர் சொன்னார். அப்பாவுக்கு மூணு மாச சராசரி ஏழரை, அதைக் கொஞ்சம் தாண்டினாலும் பரவாயில்லையாம்.

மாத்திரை வைக்கிறதுக்கு அம்மா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அஞ்சறைப்பெட்டி பழசு ஒண்ணு பரண்ல கெடந்தது. கழுவிக் காயவெச்சு, ஒரு கிண்ணத்துல தைராய்டு, ஒரு கிண்ணத்துல காலை, ஒண்ணுல ராத்திரின்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. அட்டையை முழுசா வாங்கறோம், பேரை வெட்டாம. கடைக்காரர்கிட்ட மருந்துப் பேரைத் தமிழ்ல எழுதச் சொல்லி வாங்கி, அம்மா கிண்ணத்தோட மூடியில ஒட்டிட்டாங்க. மக்களைத் தேடி மருத்துவம் அக்கா மாசாமாசம் வீட்டுக்கு வந்து பிரஷர் மாத்திரை குடுப்பாங்க. அவங்ககிட்டயும் இந்தப் பெட்டியைக் காட்டிட்டோம். அவங்க குறிப்பேட்டுலயும் புது மருந்தை எழுதிக்கிட்டாங்க.

பால் சொசைட்டிக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லி. அப்பாவுக்குக் காலங்காத்தால எறங்கல, ஆனா சாப்பிடறார்.

பாலாற்றங்கரை · மே 17, இரவு 9:40

கண் கலங்கிவிட்டது அம்மா. 142, 150, 138 என்று அந்தப் பதினோரு மணி வரிசையை மூன்று முறை படித்தேன். அந்த டிஸ்சார்ஜ் சீட்டின் மூன்றாம் பக்கத்தைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, நிறுத்த வேண்டிய மருந்தைத் தமிழில், தனித்தாளில், வாயாலும் சொல்லித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

சத்துவாச்சாரி மகள் · மே 24, மாலை 7:15

ஒரு கேள்வி. வைகாசி விசாகம் வருது. அப்பா வருஷா வருஷம் ரத்தினகிரி முருகனுக்கு அன்னைக்கு முழுக்க விரதம் இருப்பார். இந்த வருஷமும் இருப்பேன்னு நிக்கறார். அம்மா வேண்டாங்கறாங்க. விட்டா மனசு ஒடைஞ்சிடுவார்.

ஆம்பூர் வாசி · மே 24, இரவு 8:30

சகோதரி, நான் இத்தனை நாள் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். எனக்கு 12 வருஷமா சுகர், ரமலான் நோன்பு வைக்கிறவன். நோன்புக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட போயிடுவேன். எனக்குக் காலையில போடற கிளிமிப்ரைடை அவர் நோன்பு திறக்கிற நேரத்துக்கு மாத்திக் குடுப்பார். உங்கப்பாவுக்கு இப்ப அந்த மருந்தே இல்லாததால பயம் குறைவு. ஆனா சிறுநீரகம் இப்படி இருக்கும்போது இந்த வெயில்ல தண்ணி குடிக்காம இருக்கவே கூடாது. டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

நோன்புல குத்திப் பார்த்தா நோன்பு முறியாது. நானே நாளைக்கு மூணு தடவை பார்க்கறேன். 70-க்குக் கீழ இறங்கினா, 300-க்கு மேல ஏறினா அந்த நிமிஷமே விட்டுடணும்னு டாக்டர் சொல்லியிருக்கார், எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் அதையே சொன்னார். ஒரு தடவை சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னாடி 64 வந்தது. அழுதுட்டேதான் பேரீச்சம்பழத்தை வாயில வெச்சேன்.

சத்துவாச்சாரி மகள் · மே 25, காலை 7:50

அண்ணா, நீங்க எழுதினதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கடைசி வரியைத் திரும்ப ஒரு தடவை படிக்கச் சொன்னார். டாக்டர்கிட்டயும் போன்ல பேசிட்டோம். காலையில இட்லி, மாத்திரை எல்லாம் வழக்கம்போல. தண்ணி, மோர் எப்பவும் போல. மதியம் அரிசிச் சோறு மட்டும் விட்டுட்டு, பழமும் பாசிப்பருப்பு சுண்டலும். அதுவே விரதமா இருக்கட்டும்னு சொல்லியிருக்கார்.

அப்பா ஒத்துக்கிட்டார். மெஷினையும் குளுக்கோஸ் டப்பாவையும் கோயிலுக்கு எடுத்துட்டுப் போக அம்மா ஒரு லுங்கித் துணியில சின்னப் பை தைச்சிருக்காங்க. அப்பா தறியில கடைசியா நெய்த துண்டு அது.